ஈஸ்டர் வராத வீடு

தவக்காலத்தில் எதையாவது விடுவது கத்தோலிக்கர்களான எங்களுக்குச் சாதாரண விஷயம். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலைப் பூசிக்கொண்டு வந்தால், ஈஸ்டர் வரைக்கும் ஏதாவது ஒன்றைத் தொடுவதில்லை என்று ஆண்டவரிடம் சொல்லிக்கொள்வோம். எங்கள் பங்குக் கோயிலில் ஒருவர் பீரை விடுவார். இன்னொருவர் சிகரெட்டை விடுவார். பாடற்குழுவில் இருக்கும் அக்கா ஒருவர் வருடா வருடம் கோபத்தை விடுவதாகச் சொல்லி, முதல் வாரத்திலேயே திரும்பப் பிடித்துக்கொள்வார். ஈஸ்டர் காலையில் பீரும் சிகரெட்டும் அவரவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். ஆண்டவரும் அதற்குமேல் எங்களிடம் எதிர்பார்த்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

என் கணவர் மட்டும் விட்டதைத் திரும்பத் தொடவில்லை. ஜோர்ஜ் டவுனில் லிஃப்ட் வைத்த அடுக்குமாடியில் இருந்த நாங்கள், பாலிக் புலாவ் மலைச்சரிவில் மின்சாரமே இல்லாத ஒரு பலகை வீட்டுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். ஒரே நாளில் நடந்ததில்லை. வருடத்துக்கு ஒரு சாமான் வீதம் நடந்தது. ஒவ்வொரு தடவையும், "நாம இத விட்டுடலாம்" என்பார். அந்த 'நாம'வில் நான் எப்போது சேர்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்பது என்ற ஒன்றை அவர் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே விட்டிருக்க வேண்டும். அது எந்தத் தவக்காலத்தில் என்றுதான் ஞாபகம் இல்லை.

முதலில் போனது டிவி. அதில் எனக்குப் பெரிய நஷ்டமில்லை. நாடகத்தில் மாமியார் விஷம் வைத்து மாதக்கணக்காகியும் மருமகள் சாகாமல் இருந்தாள். நான் பார்க்காவிட்டாலும் பிழைத்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன். ஈஸ்டர் பூசை முடிந்து வந்து டிவியைப் போடலாம் என்று பார்த்தால், சுவரில் ஆணி மட்டும் இருந்தது. கூட வேலை செய்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டாராம்.

"நாப்பது நாளு இல்லாம இருந்தோம்லா. செத்தா போயிட்டோம்? இனிமே எதுக்கு?" என்றார்.

அந்த வாக்கியம் எங்கள் வீட்டுக்குச் சட்டமாகிவிட்டது. மறு வருடம் வாஷிங் மெஷின்.

"கையால துவைக்கிறதே ஒரு ஜெபம்மா."

யாருடைய கை என்பதை அவர் சொல்லவில்லை. நான் கிளினிக் கவுண்டரில் நாள் முழுக்க நோயாளிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, குளியலறையில் குந்தி உட்கார்ந்து அவருடைய ஜீன்ஸைக் கும்மி ஜெபித்தேன். அவர் முன்னறையில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார். இரண்டில் எது முதலில் மேலே போய்ச் சேர்ந்ததோ, எனக்கு இன்னும் தகவல் வரவில்லை.

அதற்கப்புறம் ரைஸ் குக்கர் போனது. பிறகு ஏர்கோன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் துறக்கும் சாமான்கள் பெரும்பாலும் நான் புழங்கும் சாமான்கள். அவருடைய கைபேசி எந்தத் தவக்காலத்திலும் பட்டியலுக்கு வரவில்லை. வரவும் முடியாது. எளிய வாழ்க்கை வாழ்வது எப்படி என்று அதில்தான் அவர் படம் பார்க்க வேண்டியிருந்தது.

அந்தப் படங்களை எனக்கும் காட்டுவார். ஏதோ ஒரு குளிர்நாட்டில் ஒரு தம்பதி. ஐயாவுக்குத் தாடி, வைக்கோல் தொப்பி. அம்மாவுக்குத் தலையில் வெள்ளைத் துணி. ஐயா குதிரையைப் பற்றியும் ஆண்டவரைப் பற்றியும் பேசிக்கொண்டே இருப்பார். அம்மா மாவு பிசைவார், சிரிப்பார், மறுபடி பிசைவார்.

"பாரு, எவ்ளோ நிம்மதியா இருக்காங்க."

"இவங்களப் படம் பிடிக்குற கேமராவுக்கு எங்கேருந்துங்க கரண்ட் வருது?" என்று கேட்டேன்.

அவர் அடுத்த படத்தைத் தட்டினார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து, உலகத்தில் இருக்கிற கம்ப்யூட்டருக்கெல்லாம் சில்லு செய்து கப்பலேற்றியவர் அவர். தொழிற்சாலை ஆள் குறைத்தபோது விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வந்தவுடன் மின்சாரம் மனிதனைக் கெடுத்துவிட்டது என்று கண்டுபிடித்தார். சம்பளம் வந்துகொண்டிருந்த வரைக்கும் அது யாரையும் கெடுக்கவில்லை.

பாலிக் புலாவில் அவருடைய அப்பா, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில், ஒரு சீனரிடமிருந்து வாங்கிப்போட்ட தோட்டம் ஒன்று இருந்தது. கொஞ்சம் டுரியான், கொஞ்சம் ஜாதிக்காய், நாலைந்து தென்னை, நிறைய லாலாங் புல். நடுவில் ஒரு பலகை வீடு. கரண்ட் கம்பம் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. இவருக்கு அது ஆண்டவரே போட்டுக்கொடுத்த எல்லைக்கோடாகத் தெரிந்தது. அந்த வருடத் தவக்காலத்தில், "நாம டவுன விட்டுடலாம்" என்றார்.

கிளினிக் வேலையையும் நாம் விட்டோம். ஃப்ரிட்ஜை நாம் விட்டோம். வீட்டையும் விற்றுவிடலாம் என்று பார்த்தார். விற்பதற்கு என் கையெழுத்தும் வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். என்னைக் கேட்க வேண்டும் என்று சட்டத்துக்காவது தெரிந்திருந்தது. நான் போடமாட்டேன் என்றேன். வீடு பூட்டிக் கிடந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் ஃபோனில், "அம்மா, அப்பாவுக்கு என்னாச்சு? நீங்களாச்சும் சொல்லக்கூடாதா?" என்றாள். சொல்லிப் பார்த்தவளுக்குத்தானே தெரியும்.

மலைக்குப் போன முதல் மாதம் நான் பேசியதெல்லாம் அட்டைப் பூச்சியோடும் குரங்கோடும்தான். தண்ணீர் மேலேயிருக்கும் ஓடையிலிருந்து கருப்புக் குழாய் வழியாகத் தானாக இறங்கி வரும். குரங்குகளுக்கு அந்தக் குழாயின் இணைப்புகளைப் பிடுங்குவதுதான் முழுநேர உத்தியோகம். தண்ணீர் நின்றால் யாராவது மேலேறி எங்கே பிடுங்கியிருக்கிறது என்று பார்த்து மாட்ட வேண்டும். முதலில் அவர்தான் போனார். அவர் மாட்டியது மறுநாளே கழன்றது. பிறகு நான் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு ஏறினேன். ரப்பர் ட்யூபைக் கிழித்துச் சுற்றி, கம்பியால் இறுக்கி, மேலே கல்லை வைத்தேன். அது நின்றது. குரங்கு கிளையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. நான் கெட்ட வார்த்தையில் ஏதோ சொன்னேன். தவக்காலம்தான், ஆனாலும் சொன்னேன்.

அவர் சோம்பேறி இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். விடிந்ததும் எழுந்து புல் வெட்டுவார், விறகு பிளப்பார், உரக்குழியைக் கிளறிவிட்டு அதன் மணத்தைப் பற்றி எனக்கு விளக்குவார். அவர் கட்டிய கோழிக்கூட்டை மலைப்பாம்பு தன் வீட்டுக் கதவைப்போலத் திறந்துகொண்டு வந்தது. நான் வலையை மாற்றிக் கட்டினேன். கோழிகளுக்கு நான்தான் தீனி போட்டேன். மரவள்ளியும் பயற்றங்காயும் நான் நட்டதுதான் பிடித்தது, அவருடையது ஏனோ அழுகியது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு டவுனுக்குப் போனால் மட்டும் எல்லாவற்றையும் அவரே செய்ததுபோலப் பேசுவார். "நாங்க இப்ப எதையும் கடையில வாங்குறதில்ல ஃபாதர்." கைபேசியைக் காரில் செருகி சார்ஜ் ஏற்றிக்கொண்டே பேசுவார்.

எங்கள் பங்குச் சாமியாரான அந்த ஃபாதர் பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்த இளைஞர். ஒருமுறை பொறுக்க முடியாமல் சொன்னார்: "அண்ணே, தவக்காலம் முடிஞ்சா ஈஸ்டர்னு ஒண்ணு வரும். திருச்சபையே அன்னிக்கு நல்லா சாப்பிடச் சொல்லுது. நீங்க மட்டும் இன்னும் பாலைவனத்துலயே இருக்கீங்களே."

"நமக்கு வருஷம் பூராவும் தவக்காலம்தான் ஃபாதர்," என்று பெருமையாகச் சொன்னார் இவர். சாமியார் என்னைப் பார்த்தார். நான் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு அழகாகச் சுற்றிற்று அது.

இனி ஒரு பானையின் கதைக்கு வருகிறேன்.

என் கணவருக்கு இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. மலைக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான் மாத்திரை போதாது என்று இன்சுலின் ஊசி எழுதிக்கொடுத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு உண்டானதை மொத்தமாகத் தருவார்கள். ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். நாமோ ஃப்ரிட்ஜை விட்டவர்கள். இவர் கைபேசியில் தேடி ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானை, நடுவில் ஈர மணல், மேலே நனைத்த சாக்கு. தண்ணீர் ஆவியாகப் போகப்போக உள்ளே சில்லென்று ஆகிவிடுமாம். ஏதோ ஒரு பாலைவன நாட்டில் தக்காளி வாரக்கணக்கில் கெடாமல் இருக்கிறதாம்.

"அங்க காத்து காய்ஞ்ச காத்துங்க. இங்க துவைச்ச துணி ரெண்டு நாளா கொடியில சொட்டிக்கிட்டு நிக்குது. மணல்ல இருக்குற தண்ணி மட்டும் எங்கே போவும்?"

"நீ எல்லாத்துக்கும் குறுக்க பேசாத லா. சயின்ஸ்."

சயின்ஸ் என்றவுடன் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாகக் கிளினிக்கில் ஊசி மருந்துகளை ஃப்ரிட்ஜில் அடுக்கி வைத்தவள் நான். அது கணக்கில் வராது. பக்கத்துத் தோட்டத்துச் சீன அம்மாவிடம் சோலாரில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ் இருந்தது. அங்கே வைக்கிறேன் என்றேன். "அடுத்தவங்க கரண்ட்ல வாழுறதுக்கா நாம இங்க வந்தோம்?" என்றார். பானைக்குள் கைவிட்டுப் பார்ப்பேன். ஊறிப்போன சாக்கு வாடையோடு வெதுவெதுவென்றிருக்கும். அவர் கைவிட்டுப் பார்த்தால் மட்டும் குளிரும். விசுவாசம் என்றால் அதுதான்.

அவர் இளைக்க ஆரம்பித்தார். கன்னம் ஒட்டியது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தார். உழைக்கிற உடம்புக்குத் தாகம் எடுக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். கோயிலிலோ ஒரே பாராட்டு. "அண்ணே, எப்பிடி இவ்ளோ ஸ்லிம்மாயிட்டீங்க? மலை வாழ்க்கை ஒத்துக்கிடுச்சு போல." பாடற்குழு அக்கா என்னைத் தனியாக அழைத்து, "என் வீட்டுக்காரரையும் கொஞ்ச நாளு அங்க அனுப்பட்டுமா?" என்று கேட்டார். மருத்துவரிடம் போகலாம் என்று நான் சொன்னதையெல்லாம் இவர் அந்தப் பாராட்டுகளை வைத்தே தள்ளிவிட்டார்.

மறு வருடக் குருத்தோலை ஞாயிற்றுக்குப் பங்கு முழுமைக்கும் குருத்தோலை எங்கள் தோட்டத்திலிருந்துதான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கடையில் வாங்காமல், சொந்தக் கையால் வெட்டியது. காரின் பின்னால் நிரப்பிக்கொண்டு அந்த வளைவு வளைவான மலைப்பாதையில் வந்தோம். கோயில் வாசலில் இறங்கி, ஒரு கட்டு ஓலையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார். எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். மேல்படியில் நின்று எதையோ சொல்ல வாயைத் திறந்தவர், ஓலையோடு அப்படியே சரிந்தார். ஒரு விநாடி, அவர் பக்தியில் சாஷ்டாங்கமாக விழுந்ததாகத்தான் சிலர் நினைத்தார்கள்.

நான் அப்படி நினைக்கவில்லை. ஓடிப்போய் அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். மூச்சில் அழுகிய பழத்தின் வாடை வந்தது. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியவர்களிடம் வரும் அந்த வாடை கிளினிக்கில் எனக்குப் பழக்கம். இந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், இவர் இல்லாமல் போய்விட்டால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. செத்துப்போயிடாதீங்க, செத்துப்போயிடாதீங்க என்று சத்தமாகச் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை, சாமியார்தான் பிறகு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்து ஓரளவு பேச ஆரம்பித்ததும், ஓர் இளம் மலாய் டாக்டர் வந்து கட்டிலருகே நின்றார். இன்சுலினை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். மண்பானையில், என்றார் இவர். டாக்டர் என்னைப் பார்த்தார். கிளினிக் கவுண்டரில் நின்று இதே பார்வையால் நான் எத்தனை மனைவிமார்களைப் பார்த்திருப்பேன். அன்றைக்கு அது என் முறை. மருந்து வெப்பத்தில் செத்துப் பல நாள் ஆகியிருக்கும், இத்தனை நாளாக இவர் வெறும் தண்ணீரைத்தான் ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாவைப் பார்த்துவிட்டு வந்தவர் மனம் மாறுவது நல்லதுதான். ஆனால் இவர் மாறிய வேகத்தில் எனக்கே தலைசுற்றியது. ஈஸ்டர் முடிந்த வாரம் சாமியார் நற்கருணை கொண்டுவந்தார். மகளும் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். அவர்கள் இருவரையும் பார்த்து, தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு இவர் அறிவித்தார்:

"ஃபாதர், ஆண்டவர் எனக்குக் காட்டிட்டாரு. நாம மலைய விட்டுடறோம். டவுன் வீட்டுக்கே போயிடறோம். தோட்டத்த வாங்கிக்கச் சொல்லிப் பக்கத்துச் சீனம்மாகிட்ட பேசிட்டேன். கோழிய அவங்களே எடுத்துக்கட்டும்."

மகள் சந்தோஷத்தில் அழுதேவிட்டாள். சாமியாரும் தோத்திரம் சொல்லத் தயாரானார். என் காதில் விழுந்தது அந்த 'நாம' மட்டும்தான். இதே வாய்தான், இதே சொல்தான். முதலில் எனக்காக என் டவுனை விட்டார். இப்போது எனக்காக என் மலையை விடுகிறார். என் கோழியைக்கூட ஆள் பார்த்துக் கொடுத்தாகிவிட்டது.

ஆமாம், என் மலை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், எனக்கே சொல்லிக்கொள்ளாமல், எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிருந்தது. நான் மாட்டிய குழாயில் தண்ணீர் வருவது பிடித்திருந்தது. நான் கட்டிய வலைக்குள் கோழிகள் பத்திரமாக இருப்பது பிடித்திருந்தது. கவுண்டரில் நின்ற வருடங்களில் ஒரு நாளும் என் கையால் செய்த எதையும் நான் நின்று பார்த்ததில்லை. அங்கே தினமும் பார்த்தேன்.

"நான் வரல," என்றேன்.

"என்னது?"

"நான் வரலங்க. நீங்க போங்க. ஃப்ரிட்ஜ் வாங்குங்க, டிவி வாங்குங்க, எல்லாத்தையும் வாங்கி வைங்க. மருந்தக் கெடாம வச்சுக்கணும், அதான் முக்கியம். நான் மலையிலயே இருக்கேன்."

"அம்மா!" என்றாள் மகள்.

"நீ... நீதானே அங்க வந்ததுலேருந்து புலம்பிக்கிட்டே இருந்த?" என்றார் இவர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

"நீங்க இழுத்துட்டுப் போனீங்க, புலம்புனேன். இப்பவும் நீங்கதான் இழுக்குறீங்க. எங்கே இருக்கணும்னு என்னைய ஒருதடவ, ஒரே ஒரு தடவ கேட்டீங்களா?"

சாமியார் சலைன் பாட்டிலில் சொட்டும் சொட்டுகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் ஆள் பேப்பரை இறக்கிவைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது சேலைத் தலைப்பு ஈரமானபோதுதான் தெரிந்தது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

மகள் விடுப்பு எடுத்து அப்பாவை டவுன் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். நான் மலைக்குத் திரும்பினேன். சீன அம்மாவிடம் தோட்டம் விற்பனைக்கு இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, தனக்கு சோலார் பொருத்திய ஆளின் நம்பரைக் கொடுத்தார். கூரையில் ஒரு தகடு போட்டு, கீழே ஒரு சின்ன ஃப்ரிட்ஜும் வாங்கி வைத்தேன். வெளியே இருந்து வரும் கம்பி கிடையாது, பில் கிடையாது, வெயில் மட்டும்தான். முதல் நாள் அதைத் திறந்து உள்ளே முகத்தை நீட்டி நின்றேன். இதை வாங்கும்போது என் கணவரைக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று தோன்றவும் இல்லை, வீட்டுப் பழக்கம் அப்படி.

அவர் ஃபோன் பண்ணுவார். உப்பு எங்கே இருக்கிறது, கேஸ் ஏன் பற்றவில்லை, லிஃப்ட் மறுபடி கெட்டுப்போனது. சூலியா தெருவில் சாப்பாடு பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறார் என்று மகள் சொன்னாள். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் நான் கேட்பேன். சொல்லுவார். அவருக்குப் பின்னால் புது டிவியின் சத்தம் கேட்கும்.

ஒரு நாள் காலை, நான் கோழிக்குத் தீனி கலக்கிக்கொண்டிருந்தபோது கார் வந்து கீழே நின்றது. அவர் ஏறி வந்தார். கையில் துணிப்பை, தோளில் மருந்து வைத்த குளிர்ப்பெட்டி. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. கூரையில் இருந்த தகட்டைப் பார்த்தார். திறந்த கதவு வழியாக ஃப்ரிட்ஜைப் பார்த்தார். அதைப் பற்றி ஒரு பிரசங்கம் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. வாசற்படி வரைக்கும் வந்தவர் அதன்மேல் கால் வைக்கவில்லை. கீழேயே நின்றார்.

"நான் இங்க வந்து இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

முப்பது வருடத்துக்கு மேலான குடும்பத்தில் இப்படி ஒரு கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பையை வாங்கியிருப்பேன், அவ்வளவு பாவமாக இருந்தது. வாங்கவில்லை.

"மருந்த உள்ளே வைங்க, கெட்டுடும். மத்ததுக்கு யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

சும்மா வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்தேன். தீனியைக் கலக்கி முடித்து, கூட்டைத் திறந்து, ஒவ்வொரு கோழியாக வெளியே விட்டுக்கொண்டே யோசித்தேன். அவர் மருந்தை வைத்துவிட்டு வந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப்போலப் பையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார். நான் யோசித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை.